சோலார் பம்புக்கு பேட்டரி வேண்டுமா?

கேள்வி: ஜவ்வாது மலையில் எங்கள் ஊரில் 60 வீடுகள். கரண்ட் அடிக்கடி போவதால், குடிதண்ணீர் போர்வெல்லுக்கு சோலார் பம்பு போட ஊர்க்கூட்டத்தில் பேசியிருக்கிறோம். ஆழம் 250 அடி. கோடையில் தண்ணீர் 130 அடியில் நிற்கும். பேட்டரியோடு வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: பேட்டரி வேண்டாம். வெயில் இருக்கும்போதே தண்ணீரை மேல்நிலைத் தொட்டியில் ஏற்றிவிட்டால் ராத்திரியும் குழாயில் வரும். சில வருடங்களில் பேட்டரியை மாற்றியாக வேண்டும். அந்தச் செலவை ஊர்மேல் ஏற்றாதீர்கள். அந்தப் பணத்தில் தொட்டியைப் பெரிதாகக் கட்டுங்கள்.

வீட்டுக்கு வீடு குழாயில் குடிநீர் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். வீட்டுக்கு ஐந்து பேர் என்றால் 300 பேருக்கு 16,500 லிட்டர். மேகமூட்ட நாட்களையும் நினைத்து 30,000 லிட்டர் தொட்டி கட்டுவது நல்லது.

நீங்கள் சொல்லும் 130 அடி, மோட்டார் ஓடும்போதா, நிற்கும்போதா? இறைக்கும்போது மட்டம் இன்னும் இறங்கும். ஓடும்போதே 130 அடி என்றால், தொட்டி உயரம் 30 அடி, குழாய் உராய்வு எல்லாம் சேர்த்து தண்ணீரை ஏற்ற வேண்டிய உயரம் 180 அடி. அதற்கு 2 எச்.பி. சப்மெர்சிபிள் (தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் மோட்டார்), 1,800 வாட் பேனல் போதும். மட்டம் அதற்கும் கீழே போனால் இந்தக் கணக்கு செல்லாது.

அதனால் பேனல் விலை கேட்கும் முன் போர்வெல்லைச் சோதியுங்கள். மே மாதத்தில், வாடகை ஜெனரேட்டர் வைத்து ஆறு மணி நேரம் விடாமல் இறைத்துப் பாருங்கள். ஆறாவது மணியிலும் 200 லிட்டர் டிரம் நாலரை நிமிடத்துக்குள் நிறைய வேண்டும். நிறையாவிட்டால் எத்தனை பேனல் வைத்தாலும் பயனில்லை, ஊற்று அவ்வளவுதான். இந்த ஒரு நாள் சோதனையைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள்.

பேனலைத் தெற்கு நோக்கி, காலை ஒன்பது முதல் மாலை மூன்று வரை மர நிழல் படாத இடத்தில் வையுங்கள். எல்லாம் தொடராக இணைந்திருப்பதால் ஒன்றின்மேல் நிழல் விழுந்தாலும் மொத்த ஓட்டமும் குறையும். மலையில் இடி அதிகம். எர்த்திங்கும் இடிதாங்கியும் கட்டாயம். தண்ணீர் வற்றினால் மோட்டார் தானாக நிற்கும் வசதி, பேனலுக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருந்து மோட்டாரை இயக்கும் கண்ட்ரோலரில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

மானியம் பற்றி ஒன்று: 2019இல் வந்த பி.எம். குசும் விவசாயிகளின் பாசனப் பம்புக்கானது. குடிநீருக்கு ஊராட்சி மூலம் ஒன்றிய அலுவலகத்தில் கேளுங்கள். அப்புறம், வீட்டுக்கு மாதம் 30 ரூபாய் இப்போதே வசூலித்தால் வருடத்துக்கு 21,600 ரூபாய் சேரும். கண்ட்ரோலர் பழுதாகும் நாளில் யாரிடமும் போய் நிற்க வேண்டியிருக்காது.