மூன்று மாதம் சேவைக்குப் போகட்டுமா? ஒரு அம்மாவுக்குப் பதில்

அக்கா, அது என்ன இடம், படிப்புக்கு உதவுமா, பாதுகாப்பாக இருக்குமா என்று நீங்கள் மூன்று கேள்வி கேட்டிருந்தாலும் உள்ளே இருக்கிற பயம் ஒன்றுதான். பி.எஸ்சி. சைக்காலஜி முடித்த மகள், பெங்களூர் ஆஷா நிகேதனில் மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று போய் அப்படியே மடத்தில் சேர்ந்துவிடுவாளோ என்று.

அது மடம் இல்லை அக்கா. 1964ல் பிரான்சில் தொடங்கிய லார்ஷ் என்ற கிறிஸ்தவ சமூகம் 1970ல் பெங்களூரில் ஆரம்பித்த வீடு. அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களும் அவர்களுக்கு ஒத்தாசையாக இருப்பவர்களும் ஒரே கூரையின்கீழ் குடும்பமாக இருப்பார்கள், எல்லா மதத்துக்காரர்களும் உண்டு.

இதுபோன்ற ஒரு வீட்டுக்குப் போய்வந்த கருங்கல் ஊர்ப் பிள்ளை ஒருத்தி சொன்னது: முதல் வாரம் அவளுக்கு வேலையே அந்த வீட்டில் இருக்கும் குறைபாடுள்ள ஒரு அண்ணன் சட்டைப் பொத்தான் போடும்போது பக்கத்தில் நிற்பதுதான். பொறுக்காமல் இவள் போட்டுவிட்டால் அவர் அத்தனையையும் கழற்றிவிட்டு மறுபடியும் கீழிருந்து தொடங்குவாராம், ஐந்து பொத்தானுக்கு அரைமணி நேரம். எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி மேற்படிப்புக்கான நேர்முகத்தில் அவள் பேசியது இதைத்தான், சீட்டும் கிடைத்தது.

ஆனால் ஒன்று, அங்கே தருகிற சான்றிதழ் படிப்புக்கு ஈடாகாது. குறைபாடுள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் சிறப்பாசிரியராகவோ கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாகவோ வேலை பார்க்க ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) அங்கீகரித்த படிப்பும் அவர்களிடம் பதிவும் வேண்டும், எத்தனை மாதம் சேவை செய்தாலும் அது மாறாது. அதனால் மேற்படிப்புக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, கல்லூரி திறக்கும் தேதியைப் பார்த்துத் திரும்பும் நாளையும் முடிவுசெய்துவிட்டுப் போகட்டும். அரியர் ஏதாவது இருந்தால் அதை முடிக்காமல் அனுப்பவே வேண்டாம்.

நெய்யூர் உங்களுக்குப் பக்கம்தானே. 1922ல் எவரெஸ்ட் ஏறப் போன இங்கிலாந்து ஆபரேஷன் டாக்டர் சாமர்வெல், திரும்பும்போது ஊர் சுற்றிப் பார்க்கத்தான் அங்கே வந்தார். நோயாளிக் கூட்டத்தைப் பார்த்தபிறகு லண்டன் வேலை வேண்டாம் என்று நெய்யூர் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். குறுகிய நாளில் மனசு மாறாது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கையில் தொழில் இருந்தது, இங்கே செய்ததும் அதே ஆபரேஷன்தான். உங்கள் மகள் கையிலும் ஒரு தொழில் இருக்கட்டும், அப்புறம் எங்கே போனாலும் பயமில்லை.

பாதுகாப்பைப் பற்றி மட்டும் கூச்சப்படாமல் கேளுங்கள். லார்ஷைத் தொடங்கிய ஜான் வானியே பெண்களிடம் தவறாக நடந்துகொண்டதை 2020ல் அந்த அமைப்பே விசாரித்து வெளியே சொன்னது. எந்த நல்ல பெயரையும் நம்பி மட்டும் பிள்ளையை அனுப்ப முடியாது என்பதால்தான் இதைச் சொல்கிறேன். இப்போது ஆள் எடுக்கிறார்களா, ராத்திரி எங்கே படுக்கை, பொறுப்பில் யார், புகார் என்றால் யாரிடம், வாரத்தில் எந்த நாள் ஓய்வு என்று போன் போட்டுக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அந்த இடம் வேண்டாம்.

சரியாக வந்தால், நாகர்கோவிலில் இருந்து பெங்களூருக்கு ராத்திரி ரயில் இருக்கிறது, நீங்களும் கூடப் போங்கள். அவளை விட்டதும் அவசரப்பட்டுக் கிளம்பாமல் ஒரு வேளை அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு, அந்த வீட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிடுகிறார்கள், யாராவது சோற்றைக் கொட்டினால் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எனக்கும் ஒரு போன் போடுங்கள் அக்கா.