மறதிக்கு என்ன சாப்பிடலாம்? – முதியோர் நல மருத்துவர் பதில்கள்

கே: அப்பாவுக்கு ஞாபகமறதி. என்ன சாப்பாடு கொடுக்கலாம்?

ப: வயது? சர்க்கரை, பிபி உண்டா? மறதி எத்தனை மாதமாக? எதையும் எழுதாமல் கேட்டால் நான் ஜோசியமா பார்ப்பது? முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். போகும்போது மாத்திரைப் பையையும் எடுத்துப் போங்கள்.

கே: தினமும் வல்லாரைத் துவையல் சாப்பிட்டால் மறதி நோய் வராதாமே?

ப: துவையல் ருசிதான், சாப்பிடுங்கள். நோயைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஞாபகசக்திக்கென்று விற்கிற ஜிங்கோ என்ற மரத்தின் இலைச் சாறு மாத்திரையை அமெரிக்காவில் 75 வயது தாண்டிய சுமார் 3,000 பேரிடம் ஆறு வருடம் சோதித்தார்கள். பலனில்லை என்று 2008-லேயே தெரிந்துவிட்டது. இன்னும் வாங்குகிறோம்.

கே: அம்மாவுக்கு 71, சைவம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை 12 வருடமாக. இப்போது மறதி, பாதம் மரத்துப்போகிறது. நல்ல ஞாபகசக்தி டானிக் சொல்லுங்கள்.

ப: டானிக்கை ஓரமாக வையுங்கள். ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவு பார்த்தீர்களா? வாரத்துக்கு நாலு பேரிடம் இதையே கேட்கிறேன். மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் எடுத்தால் குடல் பி12-ஐ உறிஞ்சுவது குறையும். கூடவே அசிடிட்டி மாத்திரையும் என்றால் இன்னும் மோசம். சைவத்தில் அது பால், தயிரில்தான் கொஞ்சம் உண்டு. நம் வீட்டு அம்மாக்களோ கெட்டித் தயிரைப் பிள்ளைகளுக்கு ஊற்றிவிட்டு, தனக்கு நீர்மோர் வைத்துக்கொள்கிற ரகம்.

சமீபத்தில் ஒரு பாட்டியின் மஞ்சப்பையை மேஜையில் கொட்டினார்கள். மூன்று டானிக், இரண்டு லேகியம். பி12 ரிப்போர்ட் ஒன்றுகூட இல்லை. நாக்கை நீட்டச் சொன்னேன்: சிவந்து, வழவழவென்று இருந்தது. 'வயசானா அப்படித்தான்' என்று சொல்லியே இரண்டு வருடம் ஓட்டியிருக்கிறார்கள். ஊசி போட்டோம், தெளிவு வந்தது. காலில் மரப்பு முழுதாகப் போகவில்லை. எல்லா மறதிக்கும் இது காரணமல்ல. ஆனால் சரிசெய்யக்கூடிய காரணத்தைப் பார்க்காமல் விடுவது அநியாயம். வெறும் ஃபோலிக் ஆசிட் மாத்திரை போடாதீர்கள். பி12 குறைவால் வரும் சோகையை மூடி மறைக்கும், நரம்புச் சேதம் உள்ளே நடந்துகொண்டே இருக்கும். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

கே: மூளைக்கு நல்லது என்கிறார்களே, கீரை, பெர்ரிப் பழம், கொட்டை வகை நிறைந்த மைண்ட் டயட், அதற்கு ப்ளூபெர்ரி எங்கே கிடைக்கும்?

ப: அலையாதீர்கள். இந்த டயட்டை 600 பேரிடம் மூன்று வருடம் பார்த்த அமெரிக்கச் சோதனை முடிவு 2023-ல் வந்தது: ஒப்பீட்டுக் குழுவோடு பெரிய வித்தியாசமில்லை. பின்லாந்தில் 1,200-க்கு மேற்பட்டவர்களுக்கு உணவோடு உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, பிபி கவனிப்பு எல்லாம் சேர்த்துக் கொடுத்தபோது கொஞ்சம் பலன் தெரிந்தது. கீரை, பருப்பு, நிலக்கடலை சாப்பிட்டுவிட்டு நடக்கப் போங்கள்.

கே: மீன் எண்ணெய் மாத்திரை?

ப: மத்திக் குழம்பு, வாரம் இரண்டு நாள். வறுவல் வேண்டாம்.

கே: உப்பு எவ்வளவு?

ப: நாளுக்கு 5 கிராமுக்குள், ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். அப்பளம், ஊறுகாய், கருவாடு எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.