அம்மாவை நவக்கிரகக் கோயில்களுக்கு அழைத்துப் போக பெர்சனல் லோன் எடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். சென்னை அம்பத்தூரில் தனியார் கம்பெனியில் வேலை, கைக்கு 38,000 வருகிறது. மனைவி, 8 வயதுப் பையன், அப்பா (67), அம்மா (62) எல்லோரும் ஒரே வீடு. ஒன்பது நவக்கிரகக் கோயிலையும் ஒரே பயணத்தில் பார்த்துவிட வேண்டும் என்பது அம்மாவின் ரொம்ப நாள் ஆசை. முழங்கால் வலி கூடிக்கொண்டே போகிறது, தள்ளிப்போட்டால் நடக்க முடியாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. டிராவல்ஸில் ஆளுக்கு 14,500, ஐந்து பேருக்கு 72,500 கேட்கிறார்கள், மே மாதம் கிளம்பலாம் என்கிறார்கள். 60,000 பெர்சனல் லோன் 16 சதவீத வட்டியில் 24 மாதத்துக்குக் கிடைக்கிறது. எஃப்டி 45,000 இருக்கிறது, கிரெடிட் கார்டில் 18,000 பாக்கி, மாதம் 2,000 கட்டி வருகிறேன். அப்பா பென்ஷனிலிருந்து 10,000 தருகிறேன் என்கிறார், வாங்க மனசு வரவில்லை. லோன் எடுக்கலாமா?

பதில்: எடுக்க வேண்டாம். ஆனால் அம்மாவைக் கட்டாயம் அழைத்துப் போங்கள், வருகிற தை மாதத்துக்குள் போகலாம், அதற்கு வழி இருக்கிறது.

முதலில் லோன் கணக்கு. 60,000-க்கு 16 சதவீதத்தில் 24 மாதம் என்றால் இஎம்ஐ சுமார் 2,940. மொத்தம் திருப்பிக் கட்டுவது 70,500. பிராசஸிங் ஃபீஸ் 2 சதவீதம் பிடித்தால் அதற்கு ஜிஎஸ்டியும் சேர்த்து இன்னொரு 1,400. அதாவது 72,500 ரூபாய் யாத்திரை உங்களுக்கு 84,000-க்கு மேல் ஆகிறது, மூன்று நாள் பயணத்துக்கு இரண்டு வருஷம் கட்டிக்கொண்டிருப்பீர்கள். நடுவில் அம்மாவின் முழங்காலுக்கே ஒரு செலவு வந்தால் அப்போது எங்கே போய் நிற்பீர்கள்? என் பெரிய கவலை அதுதான்.

அடுத்தது கார்டு பாக்கி, இதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் வீட்டில் இப்போது பணம் ஒழுகுகிற இடம் அதுதான். மாதம் 3.5 சதவீதம் என்று வைத்தால் 18,000-க்கு வட்டி 630, ஜிஎஸ்டியோடு 740 ரூபாய்க்கு மேல். நீங்கள் கட்டும் 2,000-ல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வட்டிக்கே போய்விடுகிறது. அதே 18,000 எஃப்டியில் மாதம் சம்பாதித்துத் தருவது 100 ரூபாய்கூட இல்லை. அதனால் எஃப்டியில் 18,000 மட்டும் உடைத்து (முன்கூட்டி எடுத்தால் பெரும்பாலும் அரை முதல் ஒரு சதவீத வட்டி குறைப்பார்கள், பரவாயில்லை) கார்டை இந்த மாதமே அடைத்துவிடுங்கள். மீதி 27,000 ஆஸ்பத்திரி, வேலை இழப்பு மாதிரி அவசரத்துக்கு. யாத்திரைக்காக அதைத் தொடக் கூடாது.

இப்போது பாருங்கள், லோன் எடுத்தால் கட்டத் தயாராக இருந்த 2,940-ம், கார்டுக்குப் போய்க்கொண்டிருந்த 2,000-ம் சேர்ந்தால் மாதம் கிட்டத்தட்ட 5,000. சம்பளம் வந்த மறுநாள் அது ஆர்டிக்கு (வங்கியில் மாதாமாதம் போடும் சேமிப்பு) போகட்டும். யாத்திரைப் பணம் இங்கிருந்துதான் வரப்போகிறது.

அப்பா தரும் 10,000-ஐ வாங்கிக்கொள்ளுங்கள். இது அவருடைய யாத்திரையும்தானே. கடன் வாங்கிக் கோயிலுக்குப் போகக் கூடாது, தன் காசு கொஞ்சமாவது அதில் இருக்க வேண்டும் என்று நினைக்கும் பெரியவர்கள் நம் வீடுகளில் நிறையப் பேர். மறுத்தால் அவருக்குத்தான் வருத்தம். ரயில் டிக்கெட் அப்பா பொறுப்பு என்று சொல்லிப் பாருங்கள், சந்தோஷப்படுவார்.

சரி, செலவுக்கு வருவோம். ஒன்பது கோயிலுக்கும் கும்பகோணத்தில் தங்கிக்கொண்டே போய்வரலாம், ஊர் ஊராக மூட்டை முடிச்சைத் தூக்க வேண்டியதில்லை. திருநாகேஸ்வரம் பக்கத்திலேயே இருக்கிறது, ஆட்டோவில் போகலாம். சூரியனார்கோவில், கஞ்சனூர், ஆலங்குடி மூன்றும் ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்குள். திங்களூர் மட்டும் திருவையாறு பக்கம். வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு நான்கும் கிழக்கே, அதற்கு ஒரு முழு நாள் வேண்டும்.

வியாழக்கிழமை காலை எழும்பூரில் சோழன் எக்ஸ்பிரஸ் ஏறினால் மதியத்துக்கு மேல் கும்பகோணம். அன்று ஓய்வு, முடிந்தால் சாயங்காலம் ஊருக்குள் ஏதாவது ஒரு கோயில். வெள்ளிக்கிழமை கிழக்கே உள்ள நான்கும், ஏனென்றால் சனிக்கிழமை திருநள்ளாறு கூட்டத்தில் அம்மாவால் நிற்க முடியாது. சனிக்கிழமை திங்களூர், ஆலங்குடி, சூரியனார்கோவில், கஞ்சனூர். ஞாயிறு மாலை 4.30 முதல் 6 வரை ராகு காலம், திருநாகேஸ்வரத்தில் பாலாபிஷேகம் பார்த்துவிட்டு இரவு உழவன் எக்ஸ்பிரஸில் திரும்பலாம். இரண்டு நாள் லீவு போதும். மதியம் 12, 12.30-க்கு நடை சாத்தினால் 4 மணிக்குத்தான் திறப்பார்கள் என்பதை நினைவில் வைத்துக் காலையில் சீக்கிரம் கிளம்புங்கள்.

ஐந்து பேருக்கு நான் போடும் கணக்கு: ஏசி மூன்றடுக்கில் போக வர 6,500. ஒரு நாள் 1,800 வாடகையில் இரண்டு ரூம், மூன்று இரவு, 5 சதவீத ஜிஎஸ்டி, ஞாயிறு அரை நாளுக்கு ஒரு ரூம் மட்டும் நீட்டிப்பது, எல்லாம் சேர்த்து 12,500. ஏழு பேர் உட்காரும் வண்டி இரண்டு நாளுக்கு 11,000. சாப்பாடு 6,000, கோயில் செலவு 5,000, ஆட்டோ சில்லறை 1,500. மொத்தம் 42,500, கையிருப்பாக 3,500 சேர்த்தால் 46,000. டிராவல்ஸ் சொன்னதைவிட 26,500 குறைவு. விலை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், கிளம்பும் முன் இரண்டு இடத்தில் விசாரித்துவிடுங்கள்.

இதில் ரூமிலும் வண்டியிலும் மிச்சம் பிடிக்காதீர்கள். ரூம் தரைத்தளத்தில் வேண்டும், இல்லையென்றால் லிஃப்ட், வெஸ்டர்ன் டாய்லெட் கட்டாயம், போனில் கேட்டு உறுதி செய்த பிறகு அட்வான்ஸ் போடுங்கள். அரசுப் போக்குவரத்துக் கழகம் கும்பகோணத்திலிருந்து நவக்கிரகச் சிறப்புப் பேருந்து விடுகிறது, 2024 பிப்ரவரியில் தொடங்கியபோது ஆளுக்கு 750 ரூபாய், ஒரே நாளில் ஒன்பது கோயிலும். இளவயதுத் தம்பதிக்கு அதைவிடச் சிக்கனமான வழி இல்லை. ஆனால் விடிவதற்கு முன் ஏறி ராத்திரி இறங்குவது வலிக்கிற முழங்காலுக்கு ஆகாது. வண்டி பேசும்போது ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டர் கணக்கு (பலர் 250 என்பார்கள், நீங்கள் அவ்வளவு ஓட மாட்டீர்கள், அதனால் நாள் வாடகையும் கேட்டுப் பாருங்கள்), டிரைவர் பேட்டா எவ்வளவு, திருநள்ளாறு புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் வருவதால் பெர்மிட் செலவு இருந்தால் யார் கொடுப்பது, எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள்.

பட்ஜெட் உடைகிற இடம் வேறு, கோயில் வாசல். பயணத்துக்கு ஒவ்வொரு ரூபாயாகப் பார்த்துச் செலவழித்த குடும்பம், வாசலில் யாரோ ஒருவர் ஜாதகத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னதும் பயந்துபோய் பரிகாரத்துக்கு 5,000 எடுத்துக் கொடுத்துவிட்டு வருவதை நிறையக் கேள்விப்படுகிறேன். அம்மாவின் நம்பிக்கையில் நான் கை வைக்கவில்லை, அவர் ஆசைப்படும் பூஜை நடக்கட்டும். கிளம்பும் முன்பே அவரோடு உட்கார்ந்து எந்தக் கோயிலில் என்ன என்று எழுதிக்கொள்ளுங்கள்: வைத்தீஸ்வரன்கோயிலில் உப்பு மிளகு, திருநள்ளாற்றில் எள் தீபம், ஆலங்குடியில் கொண்டைக்கடலை மாலை, எங்கே அர்ச்சனை, எங்கே அபிஷேகம். கட்டணம் கோயில் அலுவலகப் பலகையில் இருக்கும், அங்கேயே சீட்டு வாங்குங்கள், ரசீது இல்லாத இடத்தில் பணம் கொடுக்க வேண்டாம். வைத்தீஸ்வரன்கோயிலில் நாடி ஜோதிடம் பார்க்கக் கூப்பிடுவார்கள், பார்ப்பதா வேண்டாமா என்பதையும் வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். அந்த 5,000-ஐத் தனிக் கவரில் போட்டு அம்மா கையில் கொடுங்கள், எங்கே செலவழிப்பது என்று அவரே பார்த்துக்கொள்வார்.

எப்போது போவது? மே வேண்டாம். சித்திரை வைகாசி வெயிலில் கல் பிராகாரத்தில் வெறுங்காலோடு பெரியவர்களை நடக்க வைக்காதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை டெல்டாவில் மழைக்காலம். சித்திரையில் ஆர்டி தொடங்கினால் எட்டு மாதத்தில் 40,000, அப்பாவின் 10,000-மும் சேர்ந்து தை மாதம் ஐந்து பேரும் நிம்மதியாகப் போகலாம்.

அம்மாவின் கால் அதுவரை தாங்குமா என்று முதலில் டாக்டரிடம் கேளுங்கள். காத்திருக்க வேண்டாம் என்று அவர் சொன்னால் ஆவணியில் நீங்களும் அப்பா அம்மாவும் மட்டும் போய்வாருங்கள். மூன்று கட்டில் ரூம் ஒன்று, சின்ன கார், மூன்று பேருக்கு 30,000-க்குள் முடிகிறது. நான்கு மாத ஆர்டி 20,000, அப்பா தருவது 10,000, சரியாக இருக்கிறது. மனைவியிடம் இப்போதே மனம் விட்டுப் பேசுங்கள், அவரையும் பையனையும் அடுத்த வருஷம் அழைத்துப் போகலாம். 2028-ல் கும்பகோணத்தில் மகாமகம், அந்தச் சமயத்தில் மட்டும் இந்தச் செலவுக்கு ரூம் கிடைக்காது.

உங்கள் சம்பளத்தில் எல்டிஏ (லீவில் பயணம் போக கம்பெனி தரும் படி) இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய வரி முறையில் இருந்தால் மட்டும், நான்கு வருஷத் தொகுதியில் இரண்டு பயணத்துக்கு டிக்கெட் செலவுக்கு வரி விலக்கு உண்டு, ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் கிடையாது. பெற்றோர் உங்களைச் சார்ந்து இருந்தால்தான் அவர்கள் டிக்கெட் கணக்கில் வரும், அப்பாவுக்குப் பென்ஷன் வருவதால் ஆபீஸில் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கும், ஞாயிறு இரவு டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் ஐஆர்சிடிசி கணக்கில் ஆதாரை இப்போதே இணைத்து வையுங்கள். மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ஆனால் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது, ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ இருந்தால்தான் அது பொருந்தும். அப்பா அம்மா இருவருக்கும் தனி டிக்கெட்டாகப் போடுங்கள், மற்றவர்களுக்கு இன்னொன்று.