சபையில் வராத கோபம்

கேள்வி: பத்து வருடமாக ஜெபம், வேதவாசிப்பு, உபவாசம் எதையும் விட்டதில்லை. ஆனாலும் கோபம் மட்டும் போகவில்லை. 'சபையில் இருக்கிற ஆள் வேறு, வீட்டில் இருக்கிற ஆள் வேறு' என்கிறாள் மனைவி. கர்த்தர் ஏன் இன்னும் என் சுபாவத்தை மாற்றவில்லை?

பதில்: பழி யார் மேல் என்பதைக் கேள்வியிலேயே முடிவு செய்துவிட்டீர்கள்! சரி, நான் ஒன்று கேட்கிறேன். ஆராதனை நீண்டு போனதற்காகப் போதகரைப் பார்த்து என்றைக்காவது கத்தியிருக்கிறீர்களா? இருக்காது. அப்படியென்றால் உங்களுக்கு அடக்கத் தெரிகிறது. யாரிடம் அடக்க வேண்டும், யாரிடம் அடக்க வேண்டாம் என்பதையும் நன்றாகவே தெரிந்து வைத்திருக்கிறீர்கள். உங்கள் மனைவி சொன்னதும் அதைத்தான்.

கலாத்தியர் 5-ஆம் அதிகாரத்தில் ஆவியின் கனி என்று பவுல் 9 குணங்களைச் சொல்கிறார். அன்பு, நீடிய பொறுமை, சாந்தம், இச்சையடக்கம் எல்லாம் அதில் உண்டு. கதவைப் பூட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பவருக்கு நீடிய பொறுமை எதற்கு? எரிச்சல் மூட்ட ஆள் இருக்கிற இடத்தில்தான் அதற்கு வேலை. இதை எழுதிய பவுலே மாற்குவைப் பயணத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று தன் உடன் ஊழியரான பர்னபாவோடு கடுங்கோபமாய் மோதிப் பிரிந்தவர்தான் (அப்போஸ்தலர் 15:39). ஆனால் பிற்பாடு அதே மாற்குவை, ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன், அழைத்துக்கொண்டு வா என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். வேண்டாம் என்று தள்ளிய ஆளை, பெயர் சொல்லிக் கேட்கிறார்.

வரி வசூலிப்பவர்களுக்குத் தலைவனாயிருந்த பணக்காரன் சகேயுவை எடுத்துக்கொள்ளுங்கள். இயேசு அவனைக் கண்டித்ததாக லூக்கா ஒரு வரிகூட எழுதவில்லை. உன் வீட்டில் தங்க வேண்டும் என்றார், அவ்வளவுதான். அவனாகவே எழுந்து நின்று கணக்குச் சொல்கிறான்: ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியது நாலு மடங்காய்த் திரும்ப. குற்றத்தை அறிக்கையிட்டுத் திருப்பிக் கொடுப்பவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தர வேண்டும் என்பதுதான் நியாயப்பிரமாணம் (எண்ணாகமம் 5:7). சகேயு அதோடு நிற்கவில்லை. 'ஆண்டவரே, என் பணத்தாசையை எடுத்துப்போடும்' என்று அவன் ஜெபித்திருந்தால் அவனிடம் பணத்தை இழந்தவர்களுக்கு என்ன கிடைத்திருக்கும்?

ஜெபத்தையும் உபவாசத்தையும் நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு, முதலில் போய் ஒப்புரவாகு என்று மத்தேயு 5:24 சொல்கிறதே, அந்த வரிசையை நீங்கள் தலைகீழாக்கிவிட்டீர்கள். கோபத்தைப் பற்றிக் கர்த்தரிடம் பத்து வருடம் பேசியிருக்கிறீர்கள். யார் மேல் கோபப்பட்டீர்களோ அவரிடம் எத்தனை முறை பேசினீர்கள்?

இன்றைக்குக் குடும்ப ஜெபத்துக்கு முன்னால் மனைவியிடம் போய், எந்த நாள், என்ன வார்த்தை என்று குறிப்பாகச் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். 'நீயும்தானே அப்படிப் பேசினாய்' என்று வால் ஒட்டாதீர்கள். அப்புறம், அவர் உடனே நம்பிவிடுவார் என்றும் எதிர்பார்க்காதீர்கள். பத்து வருடமாக உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.