ஜனவரி இரண்டாம் சனிக்கு முகவர் எதற்கு?

கேள்வி: கணவருக்குச் சியாங் மாயில் வேலை. நானும் இரண்டு பிள்ளைகளும் அவரைச் சார்ந்த விசாவில் இருக்கிறோம். நவம்பர் 14 அன்று தாய்லாந்துப் பிள்ளைகளுடன் குழந்தைகள் தினம் கொண்டாட ஆசை. வெளிநாட்டவருக்குத் தனி அனுமதி வேண்டுமாம். 6,000 பாட் கொடுத்தால் ஒரு குழந்தைகள் இல்லத்தில் ஏற்பாடு செய்வதாக முகவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். விருந்தினராகப் போய் மிட்டாய் கொடுத்து விளையாடிவிட்டு வருவதற்கு அப்படி ஓர் அனுமதியே கிடையாது.

முதலில் தேதியை மாற்றுங்கள். நவம்பர் 14 நம் நாட்டுக் கணக்கு. இங்கே குழந்தைகள் தினத்துக்கு ‘வான் டெக்’ என்று பெயர். 1965 முதல் ஜனவரி இரண்டாவது சனிக்கிழமை. பிரதமர் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கென ஒரு வாசகம் வெளியிடுவார். அன்று ராணுவ முகாமில் பீரங்கி வண்டிமேல்கூடப் பிள்ளைகள் ஏறி உட்காரலாம். உங்களுக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். அக்கம்பக்கத்து அரசுப் பள்ளியே போதும். இரண்டு வாரம் முன்பே தலைமையாசிரியரைப் பார்த்து, “குலுக்கலுக்குப் பரிசு தருகிறோம், வரலாமா?” என்று கேளுங்கள். நான் பார்த்த ஒரு பள்ளியில், பன்னுக்குள் வைத்த தேங்காய்ப்பால் ஐஸ்கிரீமோடு ஒரு சிறுமி நின்றிருந்தாள். பரிசு வாங்கியதும் கைகூப்ப வேண்டும். பன்னை எங்கே வைப்பது? வாயில் கவ்விக்கொண்டு கும்பிட்டாள்.

இப்போது முகவர் விஷயம். இல்லங்களில் இருக்கும் பிள்ளைகள் பலருக்குப் பெற்றோர் உயிரோடு இருக்கிறார்கள்; வறுமைதான் அங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது. 2003ஆம் ஆண்டின் குழந்தைகள் பாதுகாப்புச் சட்டப்படி இல்லம் நடத்த உரிமம் வேண்டும். இல்லாமல் நடப்பவையும் உண்டு. ஒரே காலையில் மூன்று வேன் விருந்தினர்களுக்கு அதே பிள்ளைகள் அதே பாட்டைப் பாடியதை நான் பார்த்திருக்கிறேன். மூன்றாவது முறை கடைசிச் சிறுவன் வாயை மட்டும் அசைத்தான். உங்கள் 6,000 பாட் அந்தச் சுற்றுக்குத்தான் போகும்.

ஒன்றில் மட்டும் கவனம். அந்த ஒரு நாளோடு நிற்காமல், “வாராவாரம் ஆங்கிலம் சொல்லிக்கொடுங்கள்” என்று பள்ளி கேட்கும். அன்பாகக் கேட்பார்கள், நீங்களும் தலையாட்டிவிடுவீர்கள். அங்கேதான் சிக்கல். சம்பளம் வாங்காவிட்டாலும் அதை வேலையாகக் கொள்ள முடியும். பணி அனுமதி இல்லாமல் வேலை செய்தால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம். கணவரின் பணி அனுமதி கணவருக்கு மட்டும், உங்களுக்கு உதவாது. வெறும் பாட்டும் கதையும்தானே என்றாலும், அட்டவணையில் உங்கள் பெயர் ஏறினால் பதில் சொல்லியாக வேண்டும். அப்படிப் போவதானால் பள்ளியே உங்களுக்கு அனுமதி எடுத்துத் தரட்டும். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் விசாரித்தால் குடிவரவில் கேளுங்கள் என்பார்கள், குடிவரவில் வேலைவாய்ப்பில் கேளுங்கள் என்பார்கள். இரண்டு கட்டடத்துக்கும் நடுவில்தான் முகவர் மேசை போட்டிருக்கிறார்.

பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை ஆசிரியரைக் கேட்காமல் வெளியிட வேண்டாம். செல்லமாகக்கூடத் தலையைத் தொடாதீர்கள். பரிசு என்ன வாங்குவது என்று குழம்பினால், குலுக்கலில் எல்லாக் கண்ணும் சைக்கிள்மேல்தான். முகவர் கேட்ட பணத்தில் சின்னதாக இரண்டு வாங்கலாம்.