இரண்டு வயது தாண்டியும் மகன் பேசவில்லை, மூன்று வயது வரை பொறுத்துப் பார்க்கலாமா?

உங்கள் மகனுக்கு 2 வயது 2 மாதம், சொல் எதுவும் வரவில்லை, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, 'ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்' என்று வீட்டில் சொல்கிறார்கள் என எழுதியிருக்கிறீர்கள். பொறுக்காதீர்கள். நான் ஏழு மாதம் பொறுத்தவள், அது இன்னும் உறுத்துகிறது.

எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான். இவன் அப்பாவே மூன்று வயதில்தான் வாய் திறந்தார் என்று மாமியார் சொன்னார். நாக்கில் வசம்பு தேய்த்தார். எனக்கும் நம்பத்தான் ஆசை. ஏனென்றால் பையன் போனில் கேட்ட ஆங்கில ரைம்ஸை ராகம் பிசகாமல் ஒப்பிப்பான், இருபது வரை எண்ணுவான். வந்தவர்கள் எல்லாம் கெட்டிக்காரன் என்றார்கள். ஆனால் தண்ணீர் வேண்டுமென்றால் என் கையை இழுத்துப்போய் குடத்தின் மேல் வைப்பான். முகத்தைப் பார்க்கமாட்டான். கை மட்டும் போதும் அவனுக்கு.

ஸ்பீச் தெரபிஸ்ட் முதல் நாள் எத்தனை சொல் பேசுகிறான் என்று கேட்கவில்லை. "நாயையோ விமானத்தையோ விரல் நீட்டிக் காட்டிவிட்டு, நீங்களும் பார்க்கிறீர்களா என்று உங்களைத் திரும்பிப் பார்ப்பானா?" என்றார். யோசித்தேன். ஒரு தடவைகூட இல்லை. ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு இது வந்துவிடும். இரண்டு வயதில் 'அம்மா வா' போல இரண்டு சொல் சேரும். பேச்சு மட்டும் பிந்தி, சுட்டுவதும் சைகையும் முகம் பார்ப்பதும் இருந்தால் கவலை குறைவு. கூப்பிட்டால் திரும்பவில்லை என்று நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரிதான் எனக்கு உறைத்தது.

முதலில் காது டெஸ்ட். கதவு சத்தத்துக்குத் திரும்புகிறானே என்று விட்டுவிடாதீர்கள். சில குழந்தைகளுக்குக் கதவு சத்தம் கேட்கும், பேச்சில் வரும் மெல்லிய ஒலிகள் கேட்காது. சத்தம் காதிலிருந்து மூளைக்குச் சரியாகப் போகிறதா என்று பார்க்கும் பெரா (BERA) என்ற டெஸ்ட்டைத் தூங்கும்போது எடுப்பார்கள். நாங்கள் காலையிலிருந்து தூங்கவிடாமல் வைத்திருந்தோம், பஸ்ஸில் தூங்கி முடித்துவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் முழித்துக்கொண்டான். மறுவாரம் திரும்பப் போனோம்.

காது சரியாக இருந்தது. பிறகுதான் மருத்துவர் ஆட்டிசம் என்று எழுதினார். மற்றவர்களோடு பழகுவதும் பேசுவதும் வேறு மாதிரி அமைகிற மூளை வளர்ச்சி வேறுபாடு அது. போன் கொடுத்ததால் வந்தது என்று சொந்தக்காரர்கள் ஆரம்பித்தார்கள், அப்படி இல்லை என்று மருத்துவரே சொன்னார். ஆனாலும் போனை நிறுத்தினோம். அதற்குப் போன நேரம் எங்களோடு விளையாட வேண்டிய நேரம். முதல் நான்கு நாள் வீடு ரணகளம்.

தெரபி வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான், மிச்சம் எல்லாம் வீட்டில். பிஸ்கட்டைக் கண்ணுக்குத் தெரிகிற டப்பாவில் போட்டு மூடியை இறுக்கிவிடுவேன். தூக்கி வந்து நீட்டினால் உடனே திறக்காமல், மனதுக்குள் பத்து எண்ணி அவன் பார்வைக்காகக் காத்திருப்பேன். மாமியாருக்குத்தான் பொறுக்காது, ஐந்து எண்ணுவதற்குள் திறந்து கொடுத்துவிடுவார். இன்னொன்று, நம் பழைய நண்டூறுது விளையாட்டு. உள்ளங்கையிலிருந்து விரல்களை ஓட்டிக்கொண்டு போய் முழங்கையில் நிறுத்திவிடுவேன். அடுத்தது வரவில்லையே என்று மூன்றாவது வாரம் நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்தான். சொல் ஒன்றும் வரவில்லை. எனக்கு அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

தனியார் தெரபி கட்டுப்படியாகவில்லை என்றால், தமிழ்நாட்டில் அரசுத் தலைமை மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. எங்கே என்று கேளுங்கள். வளர்ச்சி பிந்திய குழந்தைகளுக்கான மையம், இலவசம். கூட்டம் இருக்கும், சீக்கிரம் போய்விடுங்கள். ரைம்ஸ் ஒப்பிப்பது, கையை இழுப்பது மாதிரி விஷயங்களை வீட்டிலேயே வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். புது இடத்தில் பிள்ளை வேறு மாதிரி இருப்பான்.

என் மகனுக்கு இப்போது 5 வயது. பேசுகிறான். வேண்டியதைக் கேட்கிறான். பள்ளியில் இன்று என்ன நடந்தது என்று கேட்டால் மட்டும் இன்னும் தடுமாறுகிறான், தெரபி போய்க்கொண்டிருக்கிறது.