வர்கலாவில் ஓட்டல் மாடிகளை ஒட்டிப் பறக்கும் பாராகிளைடர்கள்: அனுமதி உண்டா, நாம் போகலாமா?

கேள்வி: கேரளாவின் வர்கலாவுக்குப் போயிருந்தபோது பாராகிளைடர்கள் குன்றின் மேலுள்ள ஓட்டல் மொட்டைமாடிகளை உரசுவது மாதிரி பறந்ததைப் பார்த்தேன். இவ்வளவு தாழ்வாக, கட்டடங்களை ஒட்டிப் பறக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதா? அடுத்த முறை குடும்பத்தோடு போகிறோம், மனைவிக்கு ஒரு டாண்டம் (பைலட்டோடு சேர்ந்து இருவராகப் பறப்பது) போக ஆசை. "ரொம்ப மேலே போக மாட்டோம் சார், அதனால் பயமில்லை" என்று அங்கே ஒருவர் சொன்னார். நம்பலாமா?

பதில்:

அந்தக் கடைசி வரியை மட்டும் நம்பாதீர்கள். தாழ்வாகப் பறப்பதால் பயமில்லை என்பது பாராகிளைடிங்கில் அப்படியே தலைகீழ். உயரம்தான் இங்கே பாதுகாப்பு. நான் மகாராஷ்டிரத்தின் காம்ஷெட்டில் கற்றுக்கொண்டவன், சொந்தமாக விங் (பாராகிளைடரின் துணி இறக்கை) வைத்துத் தனியாகப் பறப்பவன், ஆளேற்றிப் பறக்கும் டாண்டம் பைலட் இல்லை. அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சட்டம். பாராகிளைடர் என்பது துணியும் கயிறும்தானே, இதற்கு எங்கே விமானச் சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். 1934ஆம் ஆண்டு விமானச் சட்டத்தில் 'விமானம்' என்பதற்குக் கொடுத்திருந்த விளக்கத்தில் பலூன், கிளைடர் எல்லாம் இருந்தது, பட்டம்கூட இருந்தது (ஆமாம், நாம் மாடியில் விடுகிற பட்டமேதான் என்று வாதாட முடியும்). அந்தச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய வாயுயான் அதிநியம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே பாராகிளைடர் விமானமா என்பதில் பெரிய சந்தேகம் கிடையாது. எத்தனை உயரத்தில் பறக்கலாம் என்பதற்கு, உலகம் முழுக்க கண்ணால் பார்த்து ஓட்டும் விமானங்களுக்குப் பொதுவாக உள்ள விதி ஒன்று இருக்கிறது. ஊர், நகரம், கூட்டம் கூடிய இடம் இவற்றின் மேல் என்றால் சுற்றி 600 மீட்டருக்குள் இருக்கும் மிக உயரமான பொருளுக்கும் மேலே 300 மீட்டர், அதாவது ஆயிரம் அடி. மற்ற இடங்களில் தரையிலிருந்தோ தண்ணீரிலிருந்தோ 150 மீட்டர். புறப்படும்போதும் இறங்கும்போதும் விலக்கு, தனி அனுமதி வாங்கியிருந்தாலும் விலக்கு. இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு விதியும் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது: மக்கள் நெருக்கமாக இருக்கும் இடத்தின் மேல் பறந்தால், ஏதாவது ஆகிவிட்டால் கீழே இருப்பவர்களுக்கும் சொத்துக்கும் ஆபத்தில்லாமல் இறங்க முடிகிற உயரத்தில் இருக்க வேண்டும்.

இதை வர்கலாவில் வைத்துப் பாருங்கள். அந்தக் குன்று மிஞ்சிப்போனால் ஏழெட்டு மாடி உயரம். கடலிலிருந்து வரும் காற்று அதில் மோதி மேலே எழும்பும், அந்த எழும்பும் காற்றில்தான் பாராகிளைடர் மிதக்கிறது. 150 மீட்டருக்கு அந்தக் குன்று எப்படித் தூக்கும்? எழுத்துப்படி பார்த்தால் அங்கே நடக்கும் பறத்தல் எல்லாமே விதி சொல்லும் உயரத்துக்குக் கீழேதான். இது வர்கலாவின் குற்றம் மட்டும் இல்லை, குன்றை ஒட்டிப் பறக்கும் எல்லா இடத்துக்கும் உள்ள சிக்கல். பிரிட்டன் இதற்காக, மலைச்சரிவில் மிதக்கும் கிளைடர்களுக்கு இந்த உயர விதியிலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறது. அமெரிக்கா வேறு வழி பிடித்தது. 1982இல் வந்த பார்ட் 103 என்ற அவர்களுடைய விதியில் குறைந்தபட்ச உயரம் என்று எதுவும் இல்லை, அரசாங்க லைசென்ஸ்கூட கேட்பதில்லை, ஆனால் ஊரின் நெருக்கமான பகுதிக்கு மேல் பறக்கவே கூடாது என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டார்கள். எனக்கு அமெரிக்க வழிதான் நேர்மையாகப் படுகிறது. குன்றுக்கு முன்னால் கடல் பக்கம் பத்து மீட்டர் உயரத்தில் பற, உன் உயிர் உன் பாடு, ஆனால் குன்றுக்குப் பின்னால் ஆள் உட்கார்ந்து டீ குடிக்கிற மாடி மேலே வராதே.

நம் ஊரில் 2022 ஜூனில் தேசிய வான் விளையாட்டுக் கொள்கை என்று ஒன்று வந்தது. ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு தேசியச் சங்கம், நடத்துபவர்களும் உபகரணங்களும் அதில் பதிவாக வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. நல்ல விஷயம்தான், ஆனால் கடற்கரையில் கடை போட்டிருப்பவரிடம் அந்தப் பதிவைக் காட்டச் சொல்லிப் பாருங்கள், என்ன நடக்கிறதென்று தெரியும். இமாச்சலம் மட்டும் 2004லேயே தனி விதி போட்டுவிட்டது, மழைக்காலத்தில் ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை அங்கே பறக்கவே தடை. அப்புறம் போலீஸ் உத்தரவுகள். டெல்லியில் குடியரசு தினம், சுதந்திர தினம் வந்தால் டிரோன், பாராகிளைடர், பாராமோட்டார் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தடை போடுவார்கள். அது பாதுகாப்புப் பயம், நம் விஷயம் வேறு.

மாடி வீட்டுக்காரர் பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். "என் வீட்டு மேலே பறக்கிறான், வழக்குப் போடலாமா?" பழைய சட்டத்தின் 17ஆம் பிரிவு, காற்று, வானிலை, சூழ்நிலை எல்லாம் வைத்துப் பார்த்து நியாயமான உயரத்தில் ஒரு விமானம் பறந்தால் அதற்காக மட்டும் அத்துமீறல், தொல்லை என்று சிவில் வழக்குப் போட முடியாது என்றது. சூட்சுமம் முழுக்க அந்த 'நியாயமான உயரம்' என்பதில் இருக்கிறது. மாடித் துணிக்கொடிக்கு மேலே இரண்டு ஆள் உயரம் என்பது எந்தக் காற்றிலும் நியாயம் ஆகாது என்று நான் சொல்வேன். வேண்டுமென்றே மற்றவருக்கு ஆபத்து வரும்படி பறந்தால் 2 ஆண்டுவரை சிறை, அபராதத்தையும் 2020 திருத்தத்திலேயே 1 கோடி ரூபாய்வரை ஏற்றிவிட்டார்கள்.

சரி, சட்டத்தை விடுங்கள். என்னைக் கேட்டால் அந்த 300 மீட்டர், 150 மீட்டர் எல்லாம் அதிகாரி யாரோ கண்ணை மூடிக்கொண்டு போட்ட எண்கள் இல்லை, காற்று எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தால் காரணம் புரியும். கட்டடம் என்றால் பைலட் போய் மோதிவிடுவார் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். மோதுவது கடைசியில் நடப்பது. அதற்கு முன்னால் நடப்பது கண்ணுக்குத் தெரியாது. காற்று ஒரு ஓட்டலில் மோதினால் அதன் முன்பக்கம் மேலே எழும்பும், மேல் விளிம்பில் நெருக்கப்பட்டு வேகம் கூடும், பின்பக்கம் சுழன்று கீழே அழுத்தும். இந்தச் சுழலை நாங்கள் ரோட்டர் என்போம். கட்டடத்தின் உயரத்தைப்போல ஐந்து மடங்கு, காற்று பலமாக இருந்தால் பத்து மடங்கு தூரம்வரைகூட அது நீளும். பாராகிளைடருக்கு உள்ளே விறைப்பான எலும்புக்கூடு எதுவும் கிடையாது. உள்ளே அடைத்திருக்கும் காற்றின் அழுத்தம்தான் அதை இறக்கையாக வைத்திருக்கிறது. ரோட்டருக்குள் போனால் ஒரு பக்கம் மடங்கும். நல்ல விங் தானாகவே நிமிர்ந்துகொள்ளும், ஆனால் நிமிர்வதற்குள் பத்து இருபது மீட்டரை விழுங்கிவிடும், கூடவே ஒரு பக்கம் திரும்பியும்விடும். இமாச்சலத்தின் பில்லிங்கில் சுமார் 2,400 மீட்டரில் கிளம்பி பீர் என்ற ஊரில் ஆயிரம் மீட்டர் கீழே இறங்குகிறார்கள், அங்கே இருபது மீட்டர் போனால் பைலட் "ஓப்ஸ்" என்று சிரித்துவிட்டுத் தொடர்வார். வர்கலாவில் அந்த இருபது மீட்டர்தான் மொத்தச் சொத்தே.

ரிசர்வ் பாராசூட் இருக்கிறதே என்று கேட்பீர்கள். கையால் எடுத்து வீச வேண்டும், அது விரிய சில வினாடிகள் ஆகும். நூறு மீட்டருக்குக் கீழே அது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. அதற்காக வீசாமல் இருக்கக் கூடாது, ஆனால் அதை நம்பி இருக்கவும் கூடாது. 2022 டிசம்பரில் குஜராத்தில் கடி என்ற ஊரருகே தென் கொரியாவைச் சேர்ந்த ஒருவர் விங் சரியாக விரியாமல் சுமார் 50 அடியிலிருந்து விழுந்து இறந்தார். ஐம்பது அடி! உங்களிடம் பேசியவர் "ரொம்ப மேலே இல்லை" என்று சொன்னாரே, அந்த உயரம்தான்.

வேகத்தையும் கவனியுங்கள். சாதாரண பாராகிளைடர் காற்றில் மணிக்கு 36, 38 கிலோமீட்டர் போகும், ஸ்பீட் பார் மிதித்தால் இன்னும் பத்துக் கூடும். எதிர்க்காற்று 25 என்றால் முன்னே போகும் வேகம் சைக்கிள் வேகம். குன்றின் விளிம்பில் காற்று நெருங்கி 35 ஆகிவிட்டால் விங் அந்தரத்தில் நின்றுவிடும், அதற்கும் மேலே போனால் பின்னால் இழுத்துக்கொண்டு போகும். பின்னால் என்ன இருக்கிறது? ஓட்டல், தென்னை, மின்கம்பி. கடலோரக் குன்றுகளில் பல விபத்துகள் இந்த வழியில்தான் வருகின்றன.

வர்கலாவிலேயே 2023 மார்ச் 7 அன்று நடந்தது நினைவிருக்கலாம். பாபநாசம் கடற்கரையில் ஒரு டாண்டம் பாராகிளைடர் நேராகப் போய் ஹைமாஸ்ட் விளக்குக் கம்பத்தில் மாட்டிக்கொண்டது. பயிற்றுநரும் கோயம்புத்தூரிலிருந்து போயிருந்த ஒரு பெண்ணும் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அந்தரத்தில் தொங்கினார்கள். தீயணைப்புத் துறையினர் கீழே வலையும் மெத்தையும் விரித்து வைத்துக் காப்பாற்றினார்கள், இருவரும் உயிர் பிழைத்தார்கள். போலீஸ் வழக்குப் போட்டு நடத்தியவர்கள் தரப்பில் சிலரைக் கைது செய்தது. டிவியில் அந்தக் காட்சியைப் போட்டுப் போட்டுச் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. விளக்குக் கம்பத்துக்குப் பதில் மின்கம்பியாக இருந்திருந்தால் வலை விரிக்க வேண்டிய வேலையே இருந்திருக்காது.

அப்படியென்றால் கட்டடங்களை ஒட்டிப் பறக்கும் இடமே கூடாதா என்றால், அப்படியும் சொல்ல மாட்டேன். பெரு நாட்டின் லிமா நகரில் மிராஃப்ளோரஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. கடலோரச் செங்குத்துச் சரிவு, அதன் மேலேயே அடுக்குமாடிகள், அவற்றின் முன்னால் நாள் முழுக்க டாண்டம் பறக்கிறது. பால்கனியில் காபி குடிப்பவர்களுக்குக் கை காட்டிக்கொண்டு போவார்கள். அது நடப்பதற்குக் காரணம், பசிபிக்கிலிருந்து வரும் காற்று குளிர்ந்தது, மென்மையானது, சரிவும் நீளமானது, வர்கலாவைவிட இரண்டு மூன்று மடங்கு உயரம். எல்லாவற்றையும்விட முக்கியம், அவர்கள் பறப்பது கட்டடத்தின் முன்பக்கம், காற்று வரும் பக்கம். பின்பக்கம் போனால் அங்கேயும் அதே ரோட்டர்தான்.

ஆகவே மனைவியைக் கூட்டிக்கொண்டு போனால், பணம் கொடுப்பதற்கு முன் ஒரு அரைமணி நேரம் சும்மா நின்று பாருங்கள். டாண்டம்கள் எந்தப் பக்கம் திரும்புகின்றன? ஒவ்வொரு திருப்பமும் கடல் பக்கமாக, குன்றை விட்டு விலகி இருக்க வேண்டும். குன்றை நோக்கித் திரும்புபவர் இருந்தால் அவரோடு போகாதீர்கள், எத்தனை வருட அனுபவம் என்று சொன்னாலும் சரி. பறப்பவர்கள் மாடிகளுக்கு மேலே, பின்னால் போகிறார்களா? போனால் அன்றைக்கு வேண்டாம். எங்கே இறங்குவீர்கள் என்று கேளுங்கள். "கிளம்பின இடத்திலேயே" என்று மட்டும் பதில் வந்தால், காற்று குறைந்துவிட்டால் எங்கே என்று திரும்பக் கேளுங்கள், மணலைக் காட்ட வேண்டும், அந்த மணலில் அந்த நேரத்தில் ஆட்கள் நெருக்கமாக உட்கார்ந்திருக்கக் கூடாது. விடுமுறை நாள் மாலையில் பாபநாசத்தில் இது நடக்காத காரியம், அதனால் வார நாளில் போங்கள். காற்றுப்பை (காற்றின் திசை காட்டும் துணிக்குழாய்) எங்கே என்று தேடுங்கள், ஒரு கம்பத்தில் ஒரு துணித்துண்டாவது ஆடாத இடத்தில் பறக்கவே கூடாது. காற்று கடலிலிருந்து நேராக வர வேண்டும், சாய்ந்து வந்தால் குன்றின் ஒவ்வொரு வளைவும் ஒரு ரோட்டர் தொழிற்சாலை.

ஹெல்மெட், ரிசர்வ் இரண்டும் கட்டாயம். கடல் பக்கம் என்பதால் மிதவைச் சட்டையும் கேளுங்கள், பலர் தருவதில்லை. தண்ணீரில் இறங்கிவிட்டால் அலை விங்கைப் பிடித்து இழுக்கும், அப்போது ஹார்னஸ் (உடலோடு மாட்டும் பட்டை இருக்கை) கொக்கிகளைக் கழற்றத் தெரிந்திருக்க வேண்டும், கிளம்பும் முன்பே அதை ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். கால் பட்டைகளை மாட்டிவிட்டார்களா என்று நீங்களே குனிந்து பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். வீடியோவுக்காகக் கொஞ்சம் ஆட்டிக் காட்டவா என்று பைலட் கேட்பார். வேண்டாம் என்று மனைவியை முதலிலேயே சொல்லிவிடச் சொல்லுங்கள். ஏழு மாடி உயரத்தில் ஆட்டம் காட்டுவதற்கு இடமில்லை.

கேட்டதில் இரண்டு மூன்றுக்கு அவர் எரிச்சல்பட்டால் அதுவே உங்களுக்குப் பதில், இடத்தைக் காலி செய்யுங்கள். ஆசை விடவில்லை என்றால் அக்டோபர், நவம்பரில் இமாச்சலத்தின் பீருக்குப் போய்வாருங்கள். டிக்கெட் செலவு கூடும், ஆனால் காலுக்குக் கீழே ஓட்டல் மாடி இருக்காது.